பக்கவாதம் வந்த வீட்டில்



சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்களில் இருபுறமும் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் நம் வாசகியருள் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கணவருக்குப் பக்கவாதம் கண்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வதாக எழுதுகிறார். பல் துலக்கி விடுவது முதல் சோறு ஊட்டுவது வரை எல்லாம் இவரே. "அவரை ஒரு விரல் அசைக்க விடமாட்டேன், ஐயா. ஆனாலும் என் மேல்தான் கோபம். ஊட்டுகிற கையைத் தட்டிவிடுகிறார். போன ஞாயிறு கிண்ணத்தோடு கஞ்சி கீழே போயிற்று. நான் எதிலே குறை வைத்தேன்?" என்று கேட்கிறார். கடைசித் தாளின் ஓரத்தில், வேறு மையில், இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஒரு விரல் அசைக்க விடமாட்டேன் என்கிறாரே, அந்தச் சொற்களைப் படித்தவுடன் நமக்கு நம் பங்கைச் சேர்ந்த ஒரு தையற்காரரின் வீடு நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளும் இதே சொற்களை நம்மிடம் சொன்னதுண்டு. அவ்வீட்டில் நடந்ததைச் சொல்வதே இக்கடிதத்திற்கு நல்ல மறுமொழியாகும் என்று எண்ணி, அவர்கள் இசைவுடன் இங்கே எழுதுகிறோம்.

கணவர் துணி வெட்டுவார், தைப்பார். மனைவி காஜா எடுப்பார், பட்டன் வைப்பார், ஓரம் மடித்துத் தைப்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் ஒரே தொழில். நம் ஆலயத்துப் பீடச் சிறுவர்களின் அங்கிகளெல்லாம் அவர்கள் கைபட்டவை. 2022 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த துணி மலையாய்க் குவிந்திருந்த ஒரு காலைப்பொழுதில், அவர் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவிற்று. எடுத்தார், மறுபடியும் நழுவிற்று. "என்னங்க?" என்று மனைவி கேட்டபோது வாய் ஒருபுறம் கோணிப் பேச்சுக் குழறிற்று. அண்டை அயலார் கூடினர். வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். புறா இரத்தம் தேய்த்தால் போதுமென்று வேறொருவர் புறாவுக்கே ஆள் அனுப்பிவிட்டார். நல்லவேளையாகக் கல்லூரியில் படிக்கும் மகன் வீட்டில் இருந்தான். 108-ஐ அழைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டான். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருத்தல் வேண்டும். வாய் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் புறாவைத் தேடக் கூடாது.

உயிர் பிழைத்தார். வலக்கை மட்டும் பிழைக்கவில்லை.

வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்கள் அந்த அம்மாள் செய்த பணிவிடையை ஊரே மெச்சிற்று. குளிப்பாட்டுவார், உடுத்துவார், ஊட்டுவார். வெள்ளைச் சட்டை மாட்டி, கழுத்துப் பட்டன் வரை போட்டு, தலைவாரி, திண்ணையில் கொண்டு வந்து உட்கார வைப்பார். அவரோ நாளுக்கு நாள் சுருங்கிப் போனார். எவர் முகத்தையும் பாரார். ஒரு நாள் மனைவி பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோதே குனிந்து அழுதார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக ஓர் இயன்முறை மருத்துவர் அவ்வீட்டுக்கு வந்தார். சின்னஞ்சிறு பெண். காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அம்மா, ஐயாவுக்குச் சட்டை போடுவது யார்?" என்று கேட்டார்.

"நான்தான் போடுகிறேன், கண்ணு."

"நாளையிலிருந்து அவரே போடட்டும். நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அதுதான் உங்களுக்கு நான் கொடுக்கிற பயிற்சி."

அந்தப் பெண் விளக்கியதை நாமும் சுருங்கச் சொல்வோம். பக்கவாதம் கையின் நோயன்று, காலின் நோயுமன்று, மூளையின் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, அதை நம்பியிருந்த பகுதி இறந்துபோகிறது. இடப்பக்க மூளை கெட்டால் வலக்கையும் வலக்காலும் விழும். பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடமும் இடப்பக்கமே ஆதலால் பேச்சும் அதனுடன் போகும். இறந்த பகுதி மீளாது. எனினும் அதன் வேலையில் ஒரு பங்கை மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ளக் கூடும். பார்த்துக்கொண்டிருப்பதால் அவை கற்பதில்லை; திரும்பத் திரும்பச் செய்வதால்தான் கற்கின்றன. முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும். பிறகு மெதுவாக நடக்கும். ஆறு மாதத்தோடு கதவு அடைபட்டுவிடும் என்பதில்லை.

அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாப் என்பவர் முதலில் குரங்குகளிடத்துக் கண்ட செய்தி ஒன்றுண்டு. ஊனமுற்ற கையைக் கொண்டு முயன்று முயன்று தோற்ற உயிர், பிறகு அக்கையில் ஓரளவு வலுத் திரும்பினாலும் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுகிறது. கை இருந்தும் இல்லாதது போலாகிறது. இதையொட்டி, நல்ல கையை உறையிட்டு மூடி, விழுந்த கையைக் கொண்டே வேலை செய்யப் பழக்கும் முறை வந்தது. 222 நோயாளிகளிடம் இரண்டு வாரம் செய்து பார்த்த சோதனையின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. கை தேறியது, ஓராண்டு கழித்தும் அத்தேர்ச்சி நிலைத்தது. மணிக்கட்டும் விரலும் சிறிதேனும் அசைகிறவர்களுக்கே இது பொருந்துமாகையால், வீட்டில் தாமாக நல்ல கையைக் கட்டிப்போட எவரும் முனைய வேண்டாம். கையைத் தோற்கச் செய்வது நோய். தோற்ற கையை மறக்கச் செய்வதில் சில வேளை நம் அன்புக்கும் பங்குண்டு. இதற்காகவே இதைச் சொன்னோம்.

மறுநாள் அந்த அம்மாள் சட்டையை அவர் மடியில் வைத்தார். விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கை நுழைந்தது. பிறகு பட்டன். ஆயுள் முழுதும் எத்தனை ஆயிரம் சட்டைகளுக்குக் கழுத்துப்பட்டி வைத்த மனிதர்! இடக்கை விரல்களால் ஒரு பட்டனைப் பிடித்துக் காஜாவுக்குள் தள்ள முடியாமல் வியர்த்து வழிந்தார். இருபத்தைந்து நிமிடம். இரண்டு பட்டன். அவையும் மாறிய காஜாக்களில். "என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஐயா. கொல்லைப்புறம் போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்" என்றார் அம்மாள்.

அதைவிடக் கொடியது சுற்றத்தாரின் சொல். கணவரின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "என் தம்பியை இப்படியா தவிக்க விடுவது? உனக்குக் கை வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத் தாமே பட்டன் போடப் போனார். நல்ல மனைவி என்பவள் அனைத்தையும் செய்பவள் என்று நாம் எல்லாரும் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோமல்லவா? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவியைக் கண்டால் ஊருக்கு ஆகாது. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? தம்பி அக்காவின் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டு மூன்றாவது பட்டனைத் தாமே பிடித்தார்.

கஞ்சிக் கிண்ணம் ஏன் கீழே போயிற்று என்று கேட்ட சகோதரி இதைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கோபம் அவர்மேல் கொண்ட கோபமாக நமக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடலாமா என்றால், கூடாது. மூன்று இடங்களில் நாம் கண்ணிமை போல் காக்க வேண்டும். முதலாவது தொண்டை. பக்கவாதம் கண்டவர்களுள் பலருக்கு விழுங்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டு இறந்தவர் உண்டு. ஆகவே வாய்வழி எதைக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும். விழுங்கத் தடுமாறும் பலருக்குக் கெட்டியான கூழைவிட வெறும் தண்ணீர் அபாயமானது என்பது பலர் அறியாதது. படுக்க வைத்து எதையும் புகட்டலாகாது. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால், நல்ல பக்கத்துக் கன்னத்தில் கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்தது. விழுந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணும்போது இருமினாலோ, குரல் நீரில் நனைந்தாற்போல் கரகரத்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும். உண்டபின் அரை மணியாவது உட்கார்ந்தே இருக்கட்டும். நற்கருணை கொண்டுவரும் குருவானவரிடமும் இதைத் தெரிவித்துவிடுவது நலம். அப்பத்தின் சிறு துணுக்கே போதும். அதையும் விழுங்க இயலாதார்க்கு இரச வடிவில் மட்டும் வழங்கவும் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டாவது, விழுந்த பக்கத்துத் தோள். தசை தளர்ந்துவிட்டதால் கையின் பாரமே மூட்டைக் கீழிழுக்கும். பார்க்க வரும் பலசாலிகள் அக்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவதுண்டு. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவோரும் உண்டு. இரண்டும் ஆகாது. இடுப்பைப் பிடித்து எழுப்பும் முறையை இயன்முறை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது குளியலறை. வழுக்காத தரை, சுவரில் ஒரு கைப்பிடி, உட்கார ஒரு முக்காலி. செலவு பெரிதன்று, விழுந்தால் வரும் செலவு பெரிது.

இடப்பக்கம் விழுந்தவர்களிடம் வேறொரு விந்தை காணப்படும். தமக்கு இடப்புறம் என்று ஒன்று இருப்பதையே சிலர் மறந்துவிடுவர். தட்டில் வலப்பாதியை உண்டுவிட்டு இடப்பாதியைத் தொடமாட்டார்கள். பொரியல் பிடிக்கவில்லை போலும் என்று மனைவி மனம் நோவார். தட்டைத் திருப்பி வைத்தால் உண்பார்கள்!

இனிப் பேச்சு. தையற்காரர் வீட்டில் இரண்டு மாதமாக ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு மாலை குடும்பச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், மங்கள வார்த்தை செபத்தின் பிற்பகுதி அவர் வாயிலிருந்து முழுதாக வந்தது. பிள்ளைகள் கூவிவிட்டார்கள். புதுமை நிகழ்ந்ததென்று தெருவெல்லாம் சொன்னார்கள். ஆனால் செபமாலை முடிந்ததும் தண்ணீர் வேண்டுமென்று கேட்க அவரால் இயலவில்லை. மறுநாளும் இல்லை. அந்த ஏமாற்றம் முந்தைய மௌனத்தைவிடக் கொடுமையாயிருந்தது என்றார்கள்.

மருத்துவம் இதற்கு விளக்கம் தருகிறது. பல்லாயிரம் முறை சொல்லிப் பழகிய செபமும் பாட்டும் ஒன்று இரண்டு என்று எண்ணுவதும், புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பதைப் போன்றவை அல்ல. பேச்சிழந்தவர்களிடம் இவை பல வேளை தப்பிப் பிழைக்கின்றன. பேசமுடியாதவர்கள் பாடுவதைக் கண்டே, அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இராகத்தின் துணைகொண்டு பேச்சுப் பழக்கும் முறையை 1973-இல் வெளியிட்டார்கள். ஆகவே அவருடன் செபியுங்கள், பாடுங்கள். நாவுக்கு அது வேலை, மனத்திற்கு அது உறவு. மறுநாள் பேசிவிடுவார் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

பேச்சுப் போனால் அறிவும் போயிற்று என்று கொள்வது நம் ஊரில் பெருந்தவறு. பார்க்க வருகிறவர்கள் கட்டிலருகே நின்று, "என்னைத் தெரிகிறதா? நான் யார் சொல்லு?" என்று உரத்த குரலில் கேட்பார்கள். காது கேளாதவரிடம் பேசுவது போல! தெரிகிறது; பெயர்தான் வரவில்லை. பிறகு அவர் தலைக்கு மேலாக மனைவியிடம், "இனி எழுந்திருப்பாரா?" என்பார்கள். நோயாளிக்கு அதுவும் கேட்கிறது. அவரிடம் பேசுவோர் சிறு சிறு வாக்கியமாகப் பேசட்டும், ஆம், இல்லை என்று தலையசைத்துச் சொல்லும்படி கேட்கட்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது நாம் எடுத்துக் கொடுத்தால், பட்டன் போட்டுவிட்டதைப் போலத்தான்.

அண்மையில் நாம் அவ்வீட்டுக்குச் சென்று விடைபெறும் வேளை. அவர் நம் சட்டையின் முன்புறத்தை இடக்கையால் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல முயன்றார். அம்மாள் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நாமும் நின்றோம். வெகுநேரம் ஆயிற்று. "கா... காஜா... மோசம்" என்றார். கடையில் வாங்கிய சட்டை! அம்மாள் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் என் கணவர் கை விழுந்தே கிடப்பது என் குற்றம்தானா?' என்று எந்தச் சகோதரியும் கலங்க வேண்டாம். நம் இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து வீட்டிலேயே சிகிச்சை தருவதால் பயனுண்டா என்று ஆராய்ந்தார்கள். முடிவு 2017-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும், ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறர் கையை எதிர்பார்த்திருந்தோரும் ஏறக்குறைய ஒரே அளவினர். அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. மனைவியின் பாசத்தை அளந்து பார்த்துக் கை திரும்புவதில்லை. தையற்காரர் கையூன்றுகோலுடன் ஆலயத்திற்கு நடந்து வருகிறார். வலக்கை துணி நழுவாமல் அழுத்திப் பிடிக்க மட்டும் உதவுகிறது. அதன்பின் அவர் ஒரு துணியும் வெட்டவில்லை. மனைவி பழுது பார்க்கும் துணிகளை மட்டும் வாங்கித் தைக்கிறார். கணவர் இடக்கையால் சாக்குக்கட்டி கொண்டு குறி போட்டுக் கொடுக்கிறார். அக்குறி சில வேளை கோணலாயிருக்கும். அம்மாள் அதைத் திருத்திக்கொள்வது அவருக்குத் தெரியாமல் நடக்கிறது.

காரணமின்றி அழுதல், அடக்கமாட்டாமல் சிரித்தல் ஆகியவையும் இந்நோயின் வேலையே. நாட்கணக்கில் எதிலும் நாட்டமின்றி, உண்ணாமல், உறங்காமல் கிடந்தால் அது மனச்சோர்வு. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவரைப் பற்றுவது. அதற்கு மருந்துண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளைத் தேறிவிட்டார் என்றோ, செபக் கூட்டத்தில் குணமாயிற்று என்றோ நிறுத்தாதீர்கள். இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கொடிது.

இப்போது கடைசித் தாளின் ஓரத்தில் இருந்த கேள்வி. "சில இரவுகளில் இவர்மேல் வெறுப்பு வருகிறது, ஐயா. இது எப்போது முடியும் என்று நினைத்துவிடுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?"

நாம் குருவானவர் அல்ல. எனவே பெயரை மறைத்து, நம் பங்குக் குருவானவரிடம் இவ்வரிகளை மட்டும் காட்டினோம். அவர் இருமுறை படித்தார். "மனசு நிம்மதியாகுமென்றால் வந்து சொல்லட்டும். ஆனால் இந்த அம்மாவுக்கு முதலில் வேண்டியது ஓர் இரவுத் தூக்கம்" என்றார். பிறகு, "அவர்கள் வீட்டில் வேறு யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்றே நினைக்கிறோம். கேட்காததனால் வராதிருக்கிறார்கள். தையற்காரரின் அக்காவை நினைத்துப் பாருங்கள். அன்று கடிந்துகொண்ட அதே அம்மையார், பின்னர் வியாழன்தோறும் நண்பகல் முதல் மாலை வரை தம்பியுடன் இருக்கத் தலைப்பட்டார். அந்நேரத்தில் மனைவி உறங்குவார், அல்லது கடைத்தெருவுக்குப் போவார். ஒரு நாள் சும்மா பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம். வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் மரியாயின் சேனையாருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோளும் இதுவே: பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்து பத்து நிமிடம் நின்று போவதைவிட, கையை வீசிக்கொண்டு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அந்த வீட்டுப் பெண் வெளியே போய் வரட்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்குத் தனியேயும் எழுதியிருக்கிறோம். அவர் கணவர் விழுங்குவதில் இடையூறு இல்லையென்று மருத்துவர் சொல்லியிருப்பதாகக் கடிதத்தில் இருப்பதால், இவ்வளவும் செய்யலாம்: கிண்ணத்தை அவருக்கு இடப்பக்கம், ஈரத்துணியின் மேல் வையுங்கள், நகராது. கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றிக் கனமாக்கிக் கொடுங்கள். இடக்கையால் உண்பதா என்று அவரே கூசுவார்; தையற்காரரும் கூசினார்; கரண்டி இருந்தால் அந்தக் கூச்சம் பாதி குறையும். கஞ்சி சிந்தும். மடியில் பழைய துண்டொன்றை விரித்துவிடுங்கள். பிறகு எதிரே உங்கள் தட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் வேளைக்கு உண்டிருக்க மாட்டீர்கள்.